வாசகர் கேள்விகள்: எண்ணெய் வாங்க நட்பு எதற்கு?

கேள்வி: செம்பூரில், மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்தபடியே வளர்ந்தவன் நான். என் மகன் சவூதி அரேபியாவின் தம்மாமில் வேலை செய்கிறான். அரசரைப் பற்றி அறைக்குள்கூடக் குரலைத் தணித்துத்தான் பேசுவோம் என்கிறான். உலகுக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்தும் அமெரிக்காவும் பிரிட்டனும் இத்தகைய அரசுகளின் தோளில் கைபோட்டு நிற்பது ஏன்? எண்ணெய் என்ற ஒரு சொல்லில் இதற்குப் பதில் முடிந்துவிடுமா?
— ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: முடியாது. எண்ணெய் வாங்குவதற்கு நட்பு தேவையில்லை. வெனிசுவேலாவின் சாவேஸ் 2006-ல் ஐ.நா. பொதுச்சபையில் நின்று அமெரிக்க அதிபரைச் சாத்தான் என்று வைதபோதும், அந்நாட்டு எண்ணெய்க் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. லிபியாவில் 1969-ல் ஆட்சியைப் பிடித்த கடாபி, மறு ஆண்டே அமெரிக்க விமானப்படையைத் தம் மண்ணிலிருந்து வெளியேற்றினார். ஆனாலும் 1982 வரை அமெரிக்கா லிபிய எண்ணெயை வாங்கிக்கொண்டிருந்தது. எண்ணெயைக் குடித்து உயிர் வாழ முடியாது என்பதால், விற்பவருக்கும் சந்தை வேண்டியிருக்கிறது. ஆகவே, வாங்குவதோடு நில்லாமல் ஆயுதமும் பாதுகாப்பு உறுதியும் நற்சான்றிதழும் சேர்த்துக் கொடுப்பது எதற்காக என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்காரணம் விலை. தேவைப்பட்டால் சில வாரங்களுக்குள் உற்பத்தியைக் கணிசமாகக் கூட்டவோ குறைக்கவோ வல்ல நாடுகள் மிகச் சில. அவற்றுள் முதலிடம் சவூதிக்கு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தபோது, பீப்பாய் ஒன்று சுமார் 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அந்த ஆண்டுகளில் பெட்ரோல் பங்குகளின் முன் நின்ற வரிசைகளை அமெரிக்க அரசியல்வாதிகள் இன்றுவரை மறக்கவில்லை. இங்கேதான் ஜனநாயகத்தின் சங்கடம் இருக்கிறது. தேர்தலில் நிற்பவர் தம் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ரியாத் சிறையில் இருப்பவருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சிறைவாசிக்கு அவரைத் தோற்கடிக்க வாக்கும் இல்லை. பெட்ரோல் விலை ஏறினால் மட்டும் அடுத்த தேர்தலிலேயே தண்டனை உண்டு.

2018 அக்டோபர் 2 அன்று பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். அதற்காகச் சவூதியை உலகம் ஒதுக்கிவைக்கும் நிலைக்கு ஆளாக்குவேன் என்று 2019-ல் வேட்பாளராக இருந்த ஜோ பைடன் பேசினார். அவர் ஆட்சிக்கு வந்ததும், 2021 பிப்ரவரியில், அந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் அளித்தவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் என்ற அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடும் வெளியானது. சவூதி அதை மறுத்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டு எண்ணெய் விலை எகிறியது. ஜூலையில் அதே பைடன் ஜித்தாவுக்குப் போய், அதே இளவரசரின் கைமுஷ்டியோடு தம் முஷ்டியை இடித்து வணக்கம் சொன்னார். பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் இன்னும் அவசரக்காரர்: சவூதி ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றிய நான்காம் நாள் ரியாத்தில் போய் இறங்கினார்.

இரண்டாவது, பணம் திரும்பி வரும் வழி. 1970-களில் குவிந்த எண்ணெய்ப் பணத்தைச் சவூதி அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களில் போட்டது. அந்த நாடு தனியாக எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறது என்பதை அமெரிக்கக் கருவூலம் 2016 வரை வெளியிடவே இல்லை. இன்னொரு பங்கு போர் விமானங்களாக மாறியது. பிரிட்டன் 1985-ல் சவூதியோடு செய்துகொண்ட அல் யமாமா ஆயுத ஒப்பந்தத்தில் லஞ்சம் கைமாறியதா என்று அந்நாட்டின் தீவிர மோசடி விசாரணை அமைப்பே ஆராய்ந்துகொண்டிருந்தது. 2006 டிசம்பரில் டோனி பிளேர் அரசு தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிய நிலையில் அந்த விசாரணை பாதியில் நின்றது. நிறுத்தியது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொல்ல, சட்டப்படி சரியே என்று 2008-ல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை முடித்துவைத்தது. நட்பின் விலையை எண்ணெய் நாட்டின் குடிமக்கள் மட்டுமே கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த வழக்குதான் கண்ணைத் திறந்தது. வாங்கும் நாட்டின் சட்டமும் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரே ஆளோடு பேசி முடிப்பது எளிது. நாடாளுமன்றம் இருக்கும் இடத்தில் ஒப்பந்தம் விவாதத்துக்கு வரும், எதிர்க்கட்சி கணக்குக் கேட்கும், மக்கள் பங்கு கேட்பார்கள். ஈரானின் முகமது மொசாதெக் அப்படிக் கேட்டவர். 1951-ல் ஈரான் நாடாளுமன்றம் பிரிட்டனின் கையிலிருந்த ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது; அதை முன்னின்று நடத்தியவர் அதே ஆண்டு பிரதமரானார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகளின் சதியால் வீழ்த்தப்பட்டார். மன்னர் ஷாவின் பிடி இறுகியது. மறு ஆண்டு எண்ணெய் வயல்களை நடத்தும் உரிமை மேற்கத்திய நிறுவனங்களின் கூட்டமைப்புக்குப் போனது. மனித உரிமையை வெளியுறவுக் கொள்கையின் உயிர்நாடி என்று பேசிய ஜிம்மி கார்ட்டரே, 1977 டிசம்பர் 31 இரவு தெஹ்ரான் விருந்தில் கோப்பையை உயர்த்தி, கொந்தளிக்கும் வட்டாரத்தில் ஈரான் ஒரு நிலைத்தன்மையின் தீவு என்று புகழ்ந்தார். 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டைவிட்டு ஓடினார். ஒரே ஆளோடு பேசி முடிக்கும் வசதியில் இந்த ஆபத்தும் அடக்கம்: அந்த ஆள் போய்விட்டால், அவரோடு கைகுலுக்கியவர்கள் மீதான கோபம் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது.

இத்தகைய ஆட்சிகள் எளிதில் அசையாமல் இருப்பதற்கும் எண்ணெயே காரணம். நம் அரசுகள் நம்மிடம் வரி வாங்குவதால், குறைந்தபட்சம் வரவு செலவுத் திட்டத்தன்றாவது கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூமியிலிருந்தே பணம் பீறிட்டு வரும் நாட்டில் ஆள்பவர் மக்களிடம் கையேந்துவதில்லை. மானியமும் அரசு வேலையும் கொடுத்து மௌனத்தை விலைக்கு வாங்குகிறார், அதற்கு மசியாதவர்களுக்குக் காவல்துறையை வைத்திருக்கிறார். விதிவிலக்குக்கு நார்வே உண்டு; ஆனால் அங்கே 1969-ல் எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே நாடாளுமன்றமும் நேர்மையான அதிகாரிகளும் இருந்தார்கள்.

கடைசியாக ஒரு சிறு நாட்டின் கதை. ஆப்பிரிக்காவின் எக்குவட்டோரியல் கினியில் தியோடோரோ ஒபியாங் 1979-ல் தம் மாமனையே கவிழ்த்துக் கொன்று ஆட்சிக்கு வந்தார். அமெரிக்கா அங்கிருந்த தூதரகத்தை 1995-ல் மூடியது. அதே காலகட்டத்தில் கடலில் பெரும் எண்ணெய் வளம் கண்டெடுக்கப்பட்டு, அமெரிக்க நிறுவனங்கள் போய் இறங்கின. 2003-ல் தூதரகம் மீண்டும் திறக்கப்பட்டது. மறு ஆண்டே, வாஷிங்டனின் ரிக்ஸ் வங்கியில் அந்நாட்டு அரசும் ஆட்சிக் குடும்பத்தினரும் 70 கோடி டாலர் வரை போட்டு வைத்திருந்ததை அமெரிக்க செனட் குழுவே அம்பலப்படுத்தியது. 2006-ல் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ், ஒபியாங்கைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நல்ல நண்பர் என்றார். இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒபியாங் மாறவில்லை.

கேள்வி: மேற்கு நாடுகளை மட்டும் குறை சொல்வானேன்? இந்தியா என்ன செய்கிறது?
— ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: நியாயமான கேள்வி. மும்பையில் உட்கார்ந்துகொண்டு இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தபோது, நம் வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாதுக்குப் போனார். அங்கே சதாம் அவரைக் கட்டியணைத்த படம் உலகெங்கும் வெளியாகி நமக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. ஆனால் அப்போது குவைத்தில் நம்மவர்கள் சிக்கியிருந்தார்கள். சுமார் 1,70,000 பேரை ஏர் இந்தியா முதலான விமானங்கள் ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தன. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் அந்த விமானங்களுக்காகக் காத்திருந்த குடும்பங்களிடம், சர்வாதிகாரியைக் கட்டியணைத்தது சரியா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் போரால் எண்ணெய் விலை ஏறியதும், வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்ததும், ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்தன. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இதே நகரத்திலிருந்து விமானமேற்றி இங்கிலாந்து வங்கிக்கு அடகு அனுப்பியது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு நாம். மும்பை ஹை எண்ணெய் வயல் நம் கரைக்கு அப்பால் கடலில் இருந்தும் நிலைமை இதுதான். வளைகுடா நாடுகளில் வாழும் இந்தியர்கள் சுமார் 90 லட்சம் பேர்.

ஆனாலும் எல்லாவற்றையும் தேவை என்ற கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. 1993-க்கான நேரு விருதை மியான்மரின் ஆங் சான் சூச்சிக்கு அறிவித்தவர்களும் நாமே. அவரைச் சிறைவைத்த ராணுவத்தோடு பின்னர் உறவை வளர்த்து, அந்நாட்டின் எரிவாயு வயலில் நம் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பங்கு பெற்றவர்களும் நாமே. சூடானில் மனித உரிமைக் கண்டனங்கள் தாங்காமல் ஒரு கனடா நிறுவனம் 2003-ல் விட்டுவிட்டுப் போன 25 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது நம் ஓ.என்.ஜி.சி. விதேஷ்தான்.

கேள்வி: சோர் பஜாரில் திருட்டு செல்போன் என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவனும் குற்றவாளி. துப்பாக்கி முனையில் நாட்டைப் பிடித்தவன் விற்கும் எண்ணெயை வாங்குவது மட்டும் எப்படிக் குற்றமில்லாமல் போகிறது?
— ஒரு கல்லூரி மாணவர், தாராவி, மும்பை

பதில்: செல்போனுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு இருக்கிறது. எண்ணெய்க்கும் எழுத்தளவில் ஒரு விதி உண்டு: 1966-ன் இரு சர்வதேச மனித உரிமை உடன்படிக்கைகளின் முதல் உறுப்பே, ஒரு நாட்டின் இயற்கை வளம் அந்நாட்டு மக்களுக்குரியது என்கிறது. நடைமுறை வேறு. ஒரு நிலப்பரப்பை யார் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறாரோ அவரிடம் வாங்கியதை மற்ற நாடுகளின் நீதிமன்றங்கள் முறையான கொள்முதலாகவே ஏற்றுக்கொள்கின்றன. அரண்மனையைப் பிடித்த மறுநாளே எண்ணெய்க் கிணறுகளுக்கும் உரிமையாளராகிவிடலாம் என்றால், அரண்மனையைப் பிடிக்க ஆட்கள் வராமல் இருப்பார்களா?

அதற்காக யாரிடமும் வாங்காதே என்று சொல்ல நான் தயாரில்லை. 1990-களில் ஈராக்கின் எண்ணெய் விற்பனையைத் தடை செய்தபோது சதாம் உண்ணாமல் இருக்கவில்லை. மருந்தும் உணவும் கிடைக்காமல் வாடியவர்கள் சாதாரண மக்கள். வாங்குவது வேறு, ஆயுதம் விற்பதும் விசாரணையை நிறுத்துவதும் நல்ல நண்பர் என்று மேடையேற்றுவதும் வேறு. முன்னதைத் தவிர்ப்பது கடினம். பின்னவற்றைத் தவிர்த்தால் நம் அடுப்பு அணைந்துவிடாது. கொடுத்த பணத்துக்குக் கணக்கு வெளியிடுவது இன்னும் எளிது. எண்ணெய் நிறுவனங்கள் எந்த அரசுக்கு எவ்வளவு கொடுத்தன என்று அறிவிக்க வேண்டும் என அமெரிக்காவில் 2010-ல் சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்தும் விதியை 2017 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமே ரத்து செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் கொண்டுவந்த அதே மாதிரி விதி அங்கே நடைமுறையில் இருக்கிறது. அதனால் எந்த எண்ணெய் நிறுவனமும் மூடப்படவில்லை.

கேள்வி: மின்சார வாகனங்கள் பெருகினால் இந்த நட்புகள் முறிந்துவிடுமா?
— ஒரு வாசகர், ஆன்டாப் ஹில், மும்பை

பதில்: சந்தேகம்தான். 2018-ல் அமெரிக்கா, ரஷ்யாவையும் சவூதியையும் முந்திக் கச்சா எண்ணெய் உற்பத்தியில் உலகின் முதலிடத்துக்கு வந்தது. கஷோகி கொல்லப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த நவம்பரில் அதிபர் டிரம்ப் வெளியிட்ட அறிக்கையில், சவூதியோடு உறவைத் தொடர்வதற்கான காரணங்களாக, அது வாங்கவிருந்த ஆயுதங்களின் மதிப்பும், எண்ணெய் விலையைக் கட்டுக்குள் வைக்க அது செய்த உதவியும், ஈரானுக்கு எதிரான அணியும் வரிசையாக இடம்பெற்றிருந்தன.