உப்பேரி டின்னை முதலில் கீழே இறக்குங்கள்

(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஷோகேஸையும் பிள்ளைகளையும் பற்றியே இருந்தன. அதனால் சமையல், தோட்டக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஹாலில் மாமனார் காலத்துத் தேக்கு ஷோகேஸ் ஒன்று இருக்கிறது. ஆறடி உயரம், மேல் பாதியில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு, கீழே மூன்று டிராயர். உள்ளே உருளி, கிண்டி (மூக்கு வைத்த செம்பு), இரண்டு நிலவிளக்கு, கணவர் கபடியில் வாங்கிய கோப்பைகள். மகனுக்கு ஒரு வயது நான்கு மாதம், நடக்க ஆரம்பித்ததிலிருந்து அதையேதான் சுற்றுகிறான். பூட்டுப் போட்டால் போதும் என்கிறார் கணவர். மாமியாரோ, "அது தேக்கு, நாலு ஆள் தள்ளினாலும் அசையாது, பிள்ளைக்கு ரெண்டு தடவ சொன்னா தன்னால புரியும்" என்கிறார்கள். எந்தப் பூட்டு நல்லது? – ஒரு வாசகி, குழித்துறை

பதில்: பூட்டுக்கு அப்புறம் வருகிறேன். மகன் தூங்குகிற நேரமாகப் பார்த்து, கணவரைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூன்று டிராயரையும் முழுக்க வெளியே இழுத்து விடுங்கள். பிறகு ஷோகேஸின் மேல் விளிம்பில் கை வைத்து உங்கள் பக்கமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். பின்கால் ஒரு நகக்கனம் தரையை விட்டு எழுந்தாலும் போதும், நான் என்ன சொல்ல வருகிறேன் என்று மாமியாருக்கும் தெரிந்துவிடும்.

தேக்கு கனம்தான். டிராயர்கள் மூடியிருக்கும்வரை அந்தக் கனம் நான்கு கால்களுக்கு நடுவில் இறங்குகிறது. அவற்றைத் திறந்துவிட்டால் கனம் முன்னால் வந்துவிடும். திறந்த டிராயர் பிள்ளையின் கண்ணுக்குப் படிக்கட்டு. ஒன்றே கால் வயதுப் பிள்ளை பத்து கிலோ பக்கம் இருக்கும், அது டிராயரின் முன் விளிம்பில் ஏறி நின்று மேல் தட்டைப் பிடித்துத் தொங்கினால் முழு ஷோகேஸும் முன்னால் சாயும். நாலு ஆள் பின்னால் தள்ளினால் அசையாத சாமான் ஒரு பிள்ளை முன்னால் இழுத்தால் சாய்வதில் ஆச்சரியமே இல்லை. கனமான சாமானாக இருந்தால் விழும்போது அந்தக் கனம் மொத்தமும் பிள்ளை மேல்தான் இறங்கும்.

இதை நான் படித்து மட்டும் எழுதவில்லை. என் மகள் பிரசவத்துக்கு வந்து கூடவே இருந்த சமயம், மூத்த பேரனுக்கு ஒன்றரை வயது. ஓணம் முடிந்து இரண்டு நாள். ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) டின்னை அவனுக்கு எட்டக்கூடாது என்று நானேதான் ஷோகேஸ் தலையில் தூக்கி வைத்திருந்தேன். அடுக்களையில் இருந்த எனக்குக் கண்ணாடிக் கதவு அதன் தடத்தில் கடகடவென்று உரசும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் இரண்டாவது டிராயரில் ஒரு கால், மூன்றாவதில் ஒரு கால், கண் மட்டும் டின்னில். ஷோகேஸ் சுவரை விட்டு இரண்டு விரற்கடை விலகி, திரும்பப் போய்ச் சுவரில் இடித்து நின்றது. நான் ஓடிப் போய் அவனைத் தூக்கினேன். மேல் தட்டில் நின்ற வெண்கலக் கிண்டி ஒன்று அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே ஆசாரியைக் கூப்பிட்டோம்.

ஆகவே உங்கள் வீட்டில் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, ஷோகேஸ் தலையில் இருக்கும் எல்லாவற்றையும் இறக்குவது. ரிமோட், மொபைல், பிடுங்கி வைத்த பொம்மை, பலகார டின், எதுவும் அங்கே இருக்கக்கூடாது. எட்டாத இடத்தில் வைத்துவிட்டோம் என்று நாம் நினைப்போம், பிள்ளைக்கு அதுவே ஏறுவதற்குக் காரணமாகிவிடும்.

நாளைக்குச் செய்ய வேண்டியது, சுவரோடு பிடித்துக் கட்டுவது. இதை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2016-ல் ஐக்கியா நிறுவனம் சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. சுவரில் பிடிக்காமல் வைத்த அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்துபோனதுதான் காரணம். டிராயர் அலமாரிகள் சாயாமல் நிற்கின்றனவா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும் என அங்கே 2022 கடைசியில் சட்டமே வந்தது. நம் ஊரில் ஆசாரி செய்த ஷோகேஸுக்கு எந்தச் சோதனையும் கிடையாது, அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

கட்டுவதற்கு இரண்டு எல் கிளாம்ப் போதும், மேல் மூலைக்கு ஒன்றாக. ஆனால் கிளாம்பை ஷோகேஸின் பின் பலகையில் அடிக்க விடாதீர்கள். பின் பலகை பெரும்பாலும் மெல்லிய பிளைவுட், சின்ன ஆணியில்தான் நிற்கும், இழுத்தால் பலகை மட்டும் சுவரோடு நின்று ஷோகேஸ் கழன்று வந்துவிடும். பக்கச் சட்டத்திலோ மேல் சட்டத்திலோ, அதாவது கனமான மரத்தில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும்.

அடுத்தது சுவர். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் வெட்டுக்கல். அது துளை துளையாக, மிருதுவாக இருக்கும். ஒன்றரை அங்குல ஸ்க்ரூ போட்டால் பாதி பூச்சிலேயே தீர்ந்துவிடும், மீதி கல்லைப் பொடித்துக்கொண்டு நிற்கும். கையால் இழுத்தாலே வந்துவிடுகிற பிடி அது. மூன்று அங்குலமாவது உள்ளே போகிற மாதிரி ஓட்டை போட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, குழைத்த சிமென்டைத் திணித்து, அதற்குள் பெரிய பிளக்கை இறக்கி, இரண்டு நாள் காய விட்டு அப்புறம் ஸ்க்ரூ முறுக்கச் சொல்லுங்கள். "இப்பவே முறுக்கிடலாம்மா" என்றால் விடாதீர்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் இன்னொரு சங்கடம், கல்லின் நடுவில் காலியாக இருக்கும், சாதாரண பிளக் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நல்ல வழி ஒன்று உண்டு. கதவு, ஜன்னலுக்கு மேலே ஏழடி உயரத்தில் கான்கிரீட் லிண்டல் ஓடுகிறது இல்லையா, பல வீடுகளில் அது சுவர் முழுக்கச் சுற்றி வரும். உங்கள் ஷோகேஸ் ஆறடி, லிண்டலுக்கு ஒரு அடிதான் குறைவு. லிண்டலில் ஸ்க்ரூ பிடித்து அங்கிருந்து ஷோகேஸின் மேல் சட்டத்துக்கு இரும்புப் பட்டை இழுத்துக் கட்டினால் கல்லை நம்ப வேண்டியதே இல்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, சுவர் நிறத்தில் ஒரு கோட் அடித்தால் கண்ணை உறுத்தாது. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் துளை போடக் கூடாது, வயர் அந்த வழியாகத்தான் இறங்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றும், நமக்கு ஆடியிலும் ஐப்பசியிலும் விழும் இரண்டு மழையும் சாதாரண இரும்பை வைத்திருக்காது.

இப்போது பூட்டு. தள்ளுகிற கண்ணாடிக் கதவுக்கு, கடைகளில் பார்த்திருப்பீர்கள், பல் வைத்த தகட்டுப் பட்டையை இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் செருகி மேலே பூட்டை நகர்த்திப் போடுவார்கள், அதுதான் சரி. கண்ணாடியில் துளை போட வேண்டாம், விலையும் குறைவு. டிராயர்களுக்கு உள்பக்கமாக மாட்டுகிற காந்தப் பூட்டு வாங்குங்கள், வெளியே எதுவும் தெரியாது, பிள்ளைக்குப் பிடித்து இழுக்க ஒன்றும் கிடைக்காது. டிராயர் திறக்காவிட்டால் படிக்கட்டும் இல்லை.

உள்ளே இருப்பதில் எனக்கு அதிகப் பயம் நிலவிளக்கைப் பற்றித்தான். அடி, தண்டு, தட்டு என்று தனித்தனியாக முறுக்கிச் சேர்த்தது, முறுக்கு தளர்ந்திருந்தால் தண்டைப் பிடித்து இழுத்த உடனே மேல் பாகம் கழன்று விழும். உச்சிக் கூம்பு சரியாகப் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கிறது. மகனுக்கு மூன்று வயதாகும் வரை அவற்றைத் துணி சுற்றி பீரோவில் வையுங்கள். சந்தி விளக்கு ஏற்றுவதை நிறுத்த வேண்டாம், சுவரில் பதித்த மாடத்திலோ உயரமான பலகையிலோ சின்ன விளக்காக ஏற்றலாம். உருளியை மேல் தட்டிலிருந்து எடுத்து அடித்தட்டில் வையுங்கள், கனமெல்லாம் கீழே இருந்தால் ஷோகேஸே நன்றாக நிற்கும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். "வேண்டாம்" என்ற சொல் அவனுக்குப் புரியத்தான் செய்யும், ஆனால் ஆசை வந்த கையைத் தானே அடக்கிக்கொள்ள இந்த வயதில் முடியாது. சொல்லிக்கொண்டும் இருக்கட்டும், ஷோகேஸைக் கட்டியும் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் பாறசாலையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஐந்தடி புத்தக ஷெல்ப் இருக்கிறது, பெண் குழந்தைக்கு பதினொரு மாதம். – ஒரு வாசகர்

பதில்: முதலில் நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். "சேட்டா, ரண்டே ரண்டு ஓட்ட, போகும்போ புட்டி வெச்சு அடச்சு பெயின்ட் அடிச்சுத் தராம்" என்று அவர் பேசும் மலையாளத்திலேயே சொன்னால், ஆணியே கூடாது என்றவர்களும் பெரும்பாலும் சரி என்பார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஷெல்பை நிறுத்தி வைக்காமல் நீளவாக்கில் படுக்க வையுங்கள். ஐந்தடி உயரம் ஷெல்பின் அகல அளவுக்குக் குறைந்துவிடும், சாயும் ஆபத்து வெகுவாகக் குறையும், குழந்தை பிடித்து நிற்கவும் வசதி. நின்றுதான் ஆக வேண்டும் என்றால் பூட்டி வைக்கிற அறைக்கு அனுப்பிவிடுங்கள். அடியில் முன்பக்கம் அட்டை மடித்துச் செருகிச் சுவர் பக்கம் சாய்ப்பது, டபுள் டேப் ஒட்டுவது இதெல்லாம் தடவி விட்ட மாதிரிதான், வெள்ளையடித்த சுவரில் டேப் சுண்ணாம்பைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி: சுவரில் பதித்த கண்ணாடித் தட்டு ஷோகேஸ். இரட்டைப் பிள்ளைகள், இரண்டு வயது. கண்ணாடியை மாற்றணுமா? – ஒரு வாசகி, தக்கலை

பதில்: பிள்ளைகளின் நெஞ்சு உயரம் வரைக்கும் உள்ள தட்டுகளை மாற்றிவிடுங்கள், அங்கே பிளைவுட் போதும். 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ, அதாவது மூன்றடிக்கு ஒரு அடி தட்டு ஒன்றே மூன்றரை கிலோ வரும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி நீள நீளமாகப் பிளக்கும். டஃபன்ட் (உறுதியாக்கிய) கண்ணாடி சின்னக் கற்கண்டுத் துண்டுகளாக உதிரும், ஆனால் அதை அளவு கொடுத்துச் செய்த பிறகு வெட்ட முடியாது, அதனால் அளவை இரண்டு முறை எடுங்கள். கதவும் கண்ணாடியாக இருந்து, அதை மாற்றப் பணம் இல்லை என்றால் கண்ணாடிக் கடையில் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டித் தரச் சொல்லுங்கள், உடைந்தாலும் சில்லு ஃபிலிமிலேயே ஒட்டி நிற்கும்.

கேள்வி: கல்யாணத்துக்கு வந்த ஆறன்முளைக் கண்ணாடி ஷோகேஸில் இருக்கிறது. பிள்ளை தொட்டால் என்ன ஆகும்? – ஒரு வாசகி, பளுகல்

பதில்: கண்ணாடிக்குத்தான் ஆபத்து. அது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், முகம் பார்க்கும் மேற்பரப்பில்தான் பளபளப்பே இருக்கிறது, விரல் பட்டால் மங்கும், கீழே விழுந்தால் உலோகம் என்றாலும் உடைந்தே போகும். பெட்டியிலேயே வைத்து பீரோவில் பூட்டுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் வாங்கிய சிப்பிப் பொம்மைகள், பாட்டுப் பாடும் ஒரு பொம்மை, இதெல்லாம் பேத்தி கையில் கொடுக்கலாமா? ஒன்றரை வயது. – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சிப்பிப் பொம்மை வேண்டாம். சோழி, சின்னச் சிப்பி எல்லாம் பசையில் ஒட்டியவை, எச்சில் பட்டால் கழன்று தொண்டைக்குப் போகும். பாடும் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாமல் நகத்தாலேயே திறக்க முடிகிறது என்றால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். உள்ளே காசு மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக் குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல், எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராக ஓடுங்கள். அதே பேட்டரி கார் சாவியிலும் சின்ன ரிமோட்டிலும் எடை பார்க்கும் தட்டிலும் இருக்கிறது, வீட்டை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: பையனுக்கு ஐந்து வயதாகிவிட்டது. ஷோகேஸ் பூட்டையும் கிளாம்பையும் கழற்றலாமா? – ஒரு வாசகர், அருமனை

பதில்: பூட்டைக் கழற்றலாம். கிளாம்ப் இருக்கட்டும், அடுத்த தெருப் பிள்ளைகளும் உங்கள் வீட்டுக்கு விளையாட வருவார்கள் இல்லையா?