தானாகக் கிட்டார் பழகுகிறவர்கள் கேட்டவை

மூன்று வாரமாக வாசிக்கிறேன் அண்ணா. விரல் நுனி எரிகிறது, அப்படியும் பாதிக் கம்பி 'டப் டப்' என்றுதான் கேட்கிறது. என் கை சரியில்லையோ?

கையைத் திட்டுவதற்கு முன் கிட்டாரைப் பாருங்கள் தம்பி. 12-வது ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அதன் மேலே போகும் தடித்த கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஸ்டீல் கம்பி என்றால் 2, 2.5 மில்லிமீட்டர் இருக்கலாம். 4 இருந்தால் பழகிய கைக்கே வலிக்கும். என் முதல் கிட்டார் அந்த ரகம்தான். ஆறு மாதம் என் விரல்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். ரிப்பேர் கடையில் கொடுத்தால் கம்பியைக் கீழே இறக்கித் தருவார்கள். கம்பியும் தடித்த 12 செட்டாக இருந்தால் மெல்லிய 10 செட்டுக்கு மாறுங்கள், இழுவை குறையும். அப்புறம், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தாதீர்கள். உலோகக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி அழுத்தினால் பாதி பலம் போதும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். எரிச்சல் தானாக அடங்கும்.

என்னுடையது நைலான் கம்பி. ஸ்டீல் போட்டால் சத்தம் கூடுமா சார்?

போடவே போடாதீர்கள். ஸ்டீலின் இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கம்பிகளை உடலோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

ட்யூனர் ஆப் 'ஈ' காட்டும்வரை முறுக்கினேன், கம்பி அறுந்துவிட்டது.

ஆப் ஸ்வரத்தின் பெயரைச் சொல்லும், ஸ்தாயியைப் பல ஆப்கள் சொல்லாது. தடித்த கம்பியும் 'ஈ', மெல்லிய கம்பியும் 'ஈ'. முன்னது 82 ஹெர்ட்ஸ், பின்னது 330, அதாவது இரண்டு ஸ்தாயி தள்ளி. கம்பி மிகவும் விறைத்தால் நிறுத்திவிட்டுக் காதால் கேளுங்கள்.

'ஜி'-யிலிருந்து 'சி' கார்டுக்கு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) மாறும்போது தாளம் நின்றுவிடுகிறது.

மோதிர விரலை இரண்டாவது கம்பியிலும் சுண்டு விரலை முதல் (மிக மெல்லிய) கம்பியிலும், மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்து 'ஜி' பிடியுங்கள். அந்த இரண்டையும் எடுக்காமல், மற்ற இரண்டு விரல்களை மட்டும் ஒரு கம்பி கீழே, மெல்லிய கம்பிப் பக்கம் நகர்த்தினால் 'சி' குடும்பத்துக் கார்டு ஒன்று வந்துவிடும். சுத்தமான 'சி' இல்லைதான், ஆனால் பாட்டுக்குப் பொருந்தும், கேட்கவும் அழகு. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். கார்டு தப்பினாலும் வலது கை நிற்கக் கூடாது.

'எஃப்' கார்டு?

இப்போதைக்கு மெல்லிய நான்கு கம்பியில் சின்னதாகப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அழுத்தும் முழு பார் கார்டை ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகுங்கள், அங்கே அழுத்துவது சுலபம். அப்புறம் ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கலாம்.

எனக்குப் பாட்டு தெரியும், ஐந்தரைக் கட்டையில் பாடுவேன். கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பை எங்கே போடுவது?

ஒரு கட்டை 'சி', ஐந்து கட்டை 'ஜி'. அதனால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு 'ஜி' வடிவம் பிடித்தால் உங்கள் ஐந்தரை. அந்தக் கார்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: சங்கராபரணத்தின் ச, க, ப மூன்றும் ஒன்றாக ஒலிக்கிறது. வாசிக்கும் முன் ஒருமுறை பாடிப் பாருங்கள், தப்பான கம்பி உடனே காதில் குத்தும்.