“வயிறு நிறைஞ்சும் பசிக்குது”: எடை, கண்ணாடி, சாப்பாடு பற்றி கேள்வி பதில்

நான் உணவு ஆலோசகர். மனநல மருத்துவர்களோடு சேர்ந்து, சாப்பாடே பயமாகிப் போனவர்களைப் பார்ப்பது என் வேலை. டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை பெயர் கேட்காதீர்கள். வந்த கேள்விகளில் கிலோ கணக்குகளை நானே நீக்கிவிட்டேன். ஒருவர் எழுதும் எண்ணைப் பார்த்து இன்னொருவர் போட்டிக்கு இறங்குவது இந்த நோயில் சகஜம்.

பகல் முழுக்க கட்டுப்பாடா இருக்கேன் அக்கா. காலையில டீ, மதியம் ஒரு ஆப்பிள். ராத்திரி பத்து மணிக்கு மேல பிஸ்கட், மிக்சர், ரூம்மேட்டோட முறுக்கு டப்பா வரைக்கும் காலி. எனக்கு மனஉறுதியே இல்லையா? (ஹாஸ்டல் மாணவி, சேலம்)

மனஉறுதி மிகுந்த 36 ஆண்களின் கதையைச் சொல்கிறேன். 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் அவர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். போருக்குப் போக மறுத்து, இந்தச் சோதனைக்குத் தாங்களாகவே வந்தவர்கள். உடம்பும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துத்தான் சேர்த்தார்கள். ஒருவருக்கும் ஒல்லியாகும் ஆசை கிடையாது. ஆனால் சில மாதங்களில் பேச்சு முழுக்க சாப்பாடுதான். சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், சதா குளிருகிறது என்றார்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்தபோதும் பலருக்கு அடங்கவில்லை. வயிறு முட்டியும் பசித்தது. சிலர் வாந்தி வரும்வரை சாப்பிட்டார்கள்.

உங்கள் முறுக்கு டப்பா காலியாவதும் இதே காரணத்தால்தான். இரவில் நடப்பதைத் தடுக்க வேண்டிய இடம் காலை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சின்னதாக ஏதாவது, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். முக்கியமாக, ராத்திரி அள்ளிச் சாப்பிட்டதற்கு மறுநாள் காலை இட்லியைத் தண்டனையாக வெட்டாதீர்கள். அங்கேதான் அடுத்த சுற்று தொடங்குகிறது. முதல் சில வாரம் வயிறு உப்பும், பயமாக இருக்கும். தொடருங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

மகள் பத்தாவது படிக்கிறாள். முதலில் சனிக்கிழமை விரதம் என்றாள், அப்புறம் சஷ்டி, இப்போது தினமும் ஏதாவது ஒன்று. எங்களுக்கெல்லாம் அவளே ருசியாகச் சமைத்துப் பரிமாறுகிறாள், தான் தொடுவதில்லை. மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. ஆனால் குண்டாகிவிடுவேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வயிறு உப்புசம் என்கிறாள். மாமியார், வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்கிறார். (ஒரு அம்மா, கோவை)

காத்திருக்காதீர்கள் அம்மா. இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம் வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு. பதறிப்போய் வீட்டில் ஒரே நாளில் நிறைய ஊட்டவும் வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று அதிகம் உள்ளே போனால் பாஸ்பேட் சரிந்து இதயம் வரை பாதிக்கலாம். எவ்வளவில் தொடங்குவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

சாப்பாட்டை ஒதுக்கித் தன்னையே பட்டினி போடும் இந்த நோய்க்கு அனோரெக்சியா என்று பெயர். குண்டாகிவிடும் பயம் இல்லாமலே இது வரும். 1990களில் ஹாங்காங் மனநல மருத்துவர் சிங் லீ இதை விரிவாக எழுதினார். அவருடைய நோயாளிகளில் பலர் வயிற்று உப்புசத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். நம் ஊரிலும் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் வயிற்று டாக்டர், வாயு மாத்திரை என்றே மாதங்கள் ஓடிவிடும்.

விரதத்தைத் தடுத்தால் சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். உடம்பு முடியாதவர்களுக்கு விரதம் கிடையாது என்று அவள் மதிக்கும் பெரியவர் ஒருவரைச் சொல்ல வையுங்கள். உங்கள் மாமியாரே சொன்னால் இன்னும் நல்லது, அவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி ஆகும்!

வளர்ப்பு சரியில்லை என்று யாராவது உங்களைக் குறை சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான சிகிச்சை முறை, இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைத்தான் நம்புகிறது. தட்டில் என்ன, எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலம் நீங்கள் தீர்மானிப்பீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து முடிக்க வைப்பீர்கள். அழுவாள், கத்துவாள். அந்த நேரத்தில் பாசம், படிப்பு, மானம் எதையும் இழுக்காமல், “இன்னொரு வாய் சாப்பிடும்மா” என்பதோடு நிறுத்துவது பெரிய கலை.

சாப்பிட்டதும் வாந்தி எடுத்துவிடுகிறேன். எடை நார்மல்தான், அதனால் பெரிய ஆபத்து இல்லையே? குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது. (பெயர் வேண்டாம்)

ஆபத்து உண்டு. 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் இதற்கு புலிமியா என்று பெயர் வைத்ததிலிருந்தே தெரிந்த விஷயம், இவர்களில் பெரும்பாலோரின் எடை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். வீட்டுக்கும் தெரியாது. ஆனால் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பேதி மாத்திரையும் எடுக்கிறீர்களா என்று தெரியவில்லை. அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே ஏறிவிடும், வெளியேறுவது தண்ணீரும் உப்பும்தான்.

கூச்சம், அமிலம் எனாமலை அரிப்பதால். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள், வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். இதற்கென்றே உள்ள மனநல சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது.

ஒரே நாளில் எடை எகிறிவிட்டது!

தண்ணீர். முந்தின நாள் ஊறுகாய், அப்பளம், பிரியாணி, அல்லது மாதவிலக்கு நெருங்கியிருக்கும். எடை மெஷினைத் தூக்கிப் பரணில் போடுங்கள்.

என் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 24. ஒரு அட்டவணையில் நார்மல், இன்னொன்றில் அதிகம். எதை நம்புவது? (பொறியாளர், 34)

உலக அட்டவணையில் எல்லை 25, நம் நாட்டில் 23. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால் இப்படி. இந்தக் கணக்கு 1830களில் பெல்ஜியத்தின் கெத்தலே என்ற புள்ளியியலாளர் போட்டது, டாக்டர் அல்ல. அதற்கு பிஎம்ஐ என்று 1972இல் பெயர் வைத்தவர் மேலே சொன்ன அதே கீஸ். கூட்டத்தை அளக்க உதவும், உங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாது. இடுப்பளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பாருங்கள். எடை முக்கியமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டோடு ஏற்கெனவே சண்டை போடுகிறவரிடம் “பத்து கிலோ குறை” என்று மட்டும் சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது.

ஜிம் போகிறேன். எல்லோரும் நல்ல உடம்பு என்கிறார்கள், எனக்குக் கண்ணாடியில் எலும்புதான் தெரிகிறது. இது பெண்களுக்கு வருவதுதானே? (மதுரை)

இல்லை தம்பி, ஆண்களிடம் நிறைய இருக்கிறது, மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. அக்கா கல்யாணப் பந்தியில் உட்கார பயந்து ஜிம்முக்கு ஓடியிருக்கிறீர்களா? அடிபட்ட தோளோடும் லீவு போட முடியவில்லையா? ஆம் என்றால் உதவி தேடுங்கள். ஜிம்மில் யாராவது ஊசி தந்தால் வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் “என்னம்மா குண்டாயிட்ட?” என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

“ஆமா சித்தி, நீங்க எப்ப வந்தீங்க?” அவ்வளவுதான். விளக்கம் கொடுத்தால் டயட் டிப்ஸ் தொடங்கிவிடும். கணவர் வீட்டுச் சொந்தம் என்றால் கணவர் பேசட்டும்.

எங்கள் ஊரில் இதற்கு டாக்டரே இல்லை. (பலர்)

14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனதும் தூக்கம் வரல, தலை சுத்துது என்று சுற்றி வளைக்காமல், “சாப்பிட முடியல” அல்லது “சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியல” என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் சத்து டானிக்கோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.