பழைய மஹிந்திரா ஜீப்பில் ரேடியேட்டர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது. புதிது வாங்குவதா, பழையதையே சரிசெய்வதா? பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

நீங்கள் சொன்னது: பெஜோ டீசல் எஞ்சின் உள்ள எம்எம் 540, கம்பத்திலிருந்து குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஓடுகிறது. கீழ் டேங்க் ஓரத்தில் ஒழுகல், இரண்டு தடவை ஈயம் வைத்துப் பற்றவைத்தும் நிற்கவில்லை.

புதிது வாங்காதீர்கள். இந்த வண்டிகளில் வந்த பழைய ரேடியேட்டரின் பித்தளை டேங்க், இன்று மலிவாகக் கிடைக்கும் டூப்ளிகேட்டைவிடக் கனமானது. டேங்க் நன்றாக இருந்தால் நடுவில் உள்ள கோர் (டியூப்பும், ஃபின் என்கிற மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி) மட்டும் மாற்றினாலே இன்னும் பல வருடம் ஓடும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர் மலைத்தோட்ட வண்டிக்கு வேண்டவே வேண்டாம். வழியில் உடைந்தால் பத்தவைக்க ஆள் கிடையாது.

அதே இடம் மறுபடி விடுகிறதென்றால் அந்த இணைப்பை ஏதோ பிடித்து இழுக்கிறது. முதலில் எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டரின் மேல்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ரப்பர் அமுங்குகிற அளவுக்கு மட்டும் அசைய வேண்டும். ‘டக்’கென்று இரும்புச் சத்தம் வந்தால் அடியில் ரப்பர் நசுங்கிப்போய் இரும்போடு இரும்பு உட்கார்ந்திருக்கிறது. கல்லுப் பாதையில் ஒரு சக்கரம் மேலே ஏறும்போது சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். ரப்பர் இல்லாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் கீழ் டேங்க்கின் ஈயத்தில்தான் இறங்கும். ஈயம் வளைவதைத் தாங்காது, தலைமுடி கனத்துக்கு விரிசல் விடும். புது பேட் கிடைக்காவிட்டால் லாரி டயர் ஃபிளாப்பில் சுமார் 10 மி.மீ. கனத்துக்கு வெட்டி வைக்கலாம். போல்ட்டை ரப்பர் பிதுங்கும்வரை முறுக்காதீர்கள். மேலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள தகடு) போகும் ஸ்டே ராடு உங்கள் வண்டியில் இருந்தால், அதன் புஷ்ஷும் இருக்கிறதா பாருங்கள். இந்தப் பக்கத்து ஜீப்புகள் பலவற்றில் அந்த ராடைக் கழற்றி எறிந்திருப்பார்கள்.

கோரின் பின்புறம் அரைவட்டமாகக் கீறல் இருந்தால் எஞ்சின் மவுண்ட் போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் முன்னால் நகர்ந்து ஃபேன் உரசுகிறது. மவுண்ட் மாற்றாமல் ரேடியேட்டர் வேலை செய்வது வீண் செலவு.

இன்னொன்று, ஒழுகுவது ரேடியேட்டர்தானா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சீல் போனால் அதில் சொட்டும். ஃபேன் காற்று அதைச் சுற்றிலும் தெளித்துவிடுவதால் ரேடியேட்டரும் நனைந்திருக்கும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவி, ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சிந்துவதையும் பலர் லீக் என்று நினைப்பார்கள். தனி பாட்டில் இல்லாத வண்டியில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினால், சூடேறி விரிந்த மிச்சம் வெளியேதான் போகும். மூடிக்குக் கீழே ஓரங்குலம் இடம் விடுங்கள்.

ஆறிய எஞ்சினை, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யும்போது இடைவிடாமல் குமிழி வந்தாலோ, மூடி போட்டு ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. எஞ்சினுக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து அழுத்தும்போது எவ்வளவு ஈயம் வைத்தாலும் நிற்காது.

சரி, ரேடியேட்டர்தான் என்றால் கழற்றுவதில் ஒரு கவனம். ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். குழாய்க் கழுத்து மெல்லிய பித்தளை, அடி பிய்ந்துவிடும். பழைய ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கிழித்து எடுங்கள், எப்படியும் மாற்ற வேண்டியதுதான். வடித்த கூலண்டை அளந்து வையுங்கள், திரும்ப ஊற்ற அளவு தெரியும். அதைத் தரையில் கொட்டாதீர்கள். இனிப்புச் சுவை, நாயும் மாடும் நக்கும், நஞ்சு.

பட்டறையில் வாய்களை அடைத்து, தொட்டியில் முக்கி, 10 பவுண்டு (psi) அழுத்தத்துக்குமேல் போகாமல் காற்று விடச் சொல்லுங்கள். பஞ்சர் கடை அழுத்தத்தில் விட்டால் பழைய டேங்க் உப்பிக்கொள்ளும். குமிழி வரும் இடத்தைக் குறித்து, பெயிண்டும் பழைய ஈயமும் போகச் சுரண்டி, பித்தளை பளிச்சென்று தெரிந்த பிறகுதான் ஈயம் பிடிப்பதற்கான ஆசிட் தடவ வேண்டும். இரண்டு தடவை வைத்தும் பிடிக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அழுக்கின்மேல் ஊற்றிய ஈயம் ஒட்டினாற்போல் தெரியும், அடியில் பிடித்திருக்காது. பற்றவைக்கும் ஈயக் கலவை சுமார் 190 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும், அதனால் பக்கத்து இணைப்புகளின்மேல் ஈரத்துணி போடாவிட்டால் ஒன்றை மூடி இன்னொன்றைத் திறப்பார்கள். முடிந்ததும் சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும். ஆசிட் மிச்சம் இருந்தால் சில மாதத்தில் பச்சை பூத்து அரித்துவிடும்.

ஒன்றிரண்டு டியூப் மட்டும் ஓட்டையென்றால் இரு முனையையும் அடைத்துவிடலாம். ஃபின்னைத் தொட்டால் உதிர்கிறது, பல டியூப்பில் குமிழி வருகிறது என்றால் கோர் மாற்றுங்கள். இரண்டு வரிசைக் கோர் இருந்தால் இடம் பார்த்து மூன்று வரிசை போடச் சொல்லலாம். ஏற்றத்தில் நான்கு சக்கரமும் இழுக்க, லோ கியரில் நடக்கும் வேகத்தில் போகும்போது வித்தியாசம் தெரியும். கழற்றிய கோரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அது செம்பு, எடைக்குக் காசு.

பார்ட்ஸ் கம்பம், குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கமே கிடைக்கும். ட்ரிப் ஜீப் ஓடுகிற ஊர்களில் ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட், பம்ப் கிட் எல்லாம் கடையில் இருக்கும். பழைய டேங்க், ஃபேன் கவுல் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு), பிராக்கெட் வேண்டுமென்றால் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள், அங்கும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. ‘எம்எம் 540 ரேடியேட்டர்’ என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள், ஏனென்றால் எஞ்சின் மாற்றிய வண்டிகள் ஏராளம். கோரின் உயரம், அகலம், கனம், டியூப் வரிசை, போல்ட் துளைகளின் நடு-நடு தூரம், மேல் கீழ் வாய்கள் எந்தப் பக்கம், அவற்றின் வெளி விட்டம் இவ்வளவையும் எழுதிக்கொண்டு போங்கள். ஃபேன் கவுல் இல்லாமல் ஓட்டுவது இங்கே வழக்கம். அதை மட்டும் தேடிப் போட்டாலே பாதிச் சூடு குறையும் வண்டிகள் உண்டு.

மூடியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 7 பவுண்டு மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் கொதிக்காமல் 109 வரை தாங்கும். பழைய மூடியில் பொறித்த எண்ணுக்குமேல் போகாதீர்கள், பழைய ஈயம் தாங்காது. வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பி இருந்தால் மூடியின் உள்வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

மலையில் மாட்டிக்கொண்டால் ரேடியேட்டர் தண்ணீரில் மஞ்சள்தூள் போடுவார்கள். சின்ன ஒழுகலுக்கு ஊர் வந்துசேரும்வரை நிற்கும். பிறகு முழுவதும் கழுவி எடுக்காவிட்டால் டியூப்பை அடைத்து அடுத்த ஏற்றத்திலேயே கொதிக்கவைக்கும்.

திரும்ப நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். கெட்டியான கூலண்ட் ஒரு பங்கு, டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு பங்கு. கலந்தே வருகிற கூலண்டாக இருந்தால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து அடைக்கும். மூடி இல்லாமல் ஐடிலில் விட்டு, மேல் ஹோஸ் சூடாகி மட்டம் இறங்கியதும் மறுபடி ஊற்றி மூடுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், மட்டத்தை இன்னொரு தரம் பாருங்கள்.