ஆறு இழை இருந்தும் அசையாத கட்டை

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் அறிவியல் கண்காட்சிக்காக, இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையே தேங்காய்நார்க் கயிற்றை ஆறு இழை வருமாறு மாறிமாறிச் சுற்றி, கட்டைகளைப் பிடித்திருக்கும் பெரியவர்களை ஒரு சிறுமியே நெருங்க வைக்கும் பொறி செய்தோம். அவள் பலங்கொண்ட மட்டும் இழுத்தும் கட்டைகள் அசையவில்லை. எங்கே தவறு?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் கணக்கு சரி, கயிறுதான் காலை வாரிவிட்டது. உராய்வே இல்லையெனில் கயிறு நெடுகிலும் இழுவிசை ஒரே அளவாக இருக்கும். எதிர்க்கட்டையை ஆறு இழைகளும் சேர்ந்து இழுப்பதால், மகள் 4 கிலோ அளவுக்கு இழுத்தால் அங்கே 24 கிலோ அளவு விசை கிடைக்க வேண்டும். அதற்கு ஈடாக, கட்டைகள் ஓரடி நெருங்க அவள் ஆறடிக் கயிற்றை இழுத்தாக வேண்டும்.

ஆனால் கயிறு கட்டையில் அரைச்சுற்று வளையும் ஒவ்வொரு முறையும் உராய்வு தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. மரத்தின்மேல் நார்க்கயிற்றின் உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் எண்) 0.3 என்று கொண்டால், ஒரு வளைவைத் தாண்டும்போதே இழுவிசை 39 விழுக்காடாகக் குறைகிறது. ஐந்து வளைவுகளைக் கடந்து ஆறாம் இழைக்குப் போய்ச் சேர்வது 40 கிராமுக்கும் குறைவு. ஆறு இழைகளையும் கூட்டினாலும் 1.6 மடங்குதான் தேறும். இன்னும் பத்துச் சுற்று சுற்றினாலும் இதே கதைதான்.

ஆகவே மரக்கட்டைக்குப் பதில் 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பிகள் இரண்டை எடுத்து, ஒரு அங்குல பிவிசி குழாயை ஐந்து துண்டுகளாக நறுக்கி, கயிற்று நுனியைக் கட்டும் கம்பியில் இரண்டும் எதிர்க்கம்பியில் மூன்றும் கோத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். வழுவழுப்பான நைலான் கயிறு, துண்டுக்கு ஒரு வளைவாக, குழாயின்மேல் மட்டுமே படவேண்டும். குழாய் கயிற்றோடு சேர்ந்து உருளுவதால் உராய்வு கம்பியோரத்தோடு நின்றுவிடும். நான்கு மடங்கை எதிர்பார்க்கலாம்.

இதைக் கிணற்று ராட்டினத்தோடு ஒப்பிட்டு விளக்க வேண்டாம். பலரும் செய்யும் பிழை அது. மேலே நிலையாகத் தொங்கும் ராட்டினம் இழுக்கும் திசையை மாற்றித் தருகிறதே தவிர விசையைப் பெருக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே யாரும் விரலை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அசையாத பழைய கட்டைகளையும் தூக்கி எறியாமல் புதியதன் பக்கத்திலேயே வையுங்கள். நடுவர்கள் கேள்வி கேட்கப்போவது அதைப் பற்றித்தான்.