ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி மறு வருடமே தடுமாறுவது ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்ற வீரர்களுக்குப் பசி அடங்கிவிடுவதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறார். பசியை அளக்க வழியில்லை. சம்பளக் கணக்கை அளக்கலாம், பெரும்பாலான விடை அங்கேயே கிடைத்துவிடும். 2010-11 சீசனில் சிகாகோ பிளாக்ஹாக்ஸுக்கு நடந்ததை வரிசையாகப் பார்த்தாலே இது புரியும்.

என்ஹெச்எல்லில் 2005-06 முதல் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. அபராதம் கட்டிவிட்டு வரம்பைத் தாண்டலாம் என்ற பேச்சே இல்லை. ஒரு வீரரின் மொத்த ஒப்பந்தத் தொகையை வருடங்களால் வகுத்தால் வரும் சராசரிதான் வரம்புக் கணக்கில் ஏறும். 2010-11க்கு அந்த வரம்பு 5.94 கோடி டாலர்.

2010 ஜூன் 9 அன்று பிலடெல்பியாவில், இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் பேட்ரிக் கேன் அடித்த கோலால் சிகாகோ கோப்பையை வென்றது. அதுவரை கேனும் கேப்டன் ஜோனதன் டேவ்ஸும் புதுமுக ஒப்பந்தத்தில், குறைந்த சம்பளத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். புது ஒப்பந்தத்தில் ஆளுக்கு வருடம் சராசரி 63 லட்சம் டாலர். டிஃபென்ஸ்மேன் டங்கன் கீத்துக்கு 13 வருடம், 7.2 கோடி, அதாவது சராசரி 55 லட்சத்துக்கு மேல். மூன்றும் ஒரே கோடையில் தொடங்கின. இதற்கு மேல் போனஸ் சுமை வேறு. புதுமுக ஒப்பந்தங்களில் இருக்கும் போனஸால் சம்பள வரம்பு தாண்டிவிட்டால், தாண்டிய தொகையை மறு வருட வரம்பிலிருந்து கழித்துவிடுவார்கள். அப்படி 40 லட்சத்துக்கும் மேல் போனது. 2009இல் சில இளம் வீரர்களுக்கான தக்கவைப்பு அறிவிப்பை நிர்வாகம் கெடு தாண்டி அனுப்பியதும் சேர்ந்துகொண்டது. அவர்கள் கைநழுவிப் போகாமலிருக்க அவசரமாகக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டியதாயிற்று. கிரிஸ் வெர்ஸ்டீக்கின் சராசரி 30 லட்சத்தைத் தாண்டியது அப்படித்தான்.

கோப்பை வந்து சில வாரங்களுக்குள் கலைப்பு தொடங்கியது. டஸ்டின் பஃப்ளின், பென் ஈகர், பிரென்ட் சோப்பல் மூவரும் அட்லாண்டாவுக்கு. வெர்ஸ்டீக் டொராண்டோவுக்கு. ஆண்ட்ரூ லாடும் அட்லாண்டாவுக்கு. கொலின் ஃப்ரேசர் எட்மன்டனுக்கு. ஜான் மேடனும் ஆடம் புரிஷும் ஒப்பந்தம் முடிந்து மினசோட்டா, டல்லாஸ் என்று பிரிந்தார்கள்.

பிறகு சான் ஹோசே அணி நுட்பமான ஒரு காய் நகர்த்தியது. சிகாகோவின் இளம் டிஃபென்ஸ்மேன் நிக்லஸ் யால்மர்சனுக்கு 4 வருடம், 1.4 கோடி டாலர் என்று ஆஃபர் ஷீட் நீட்டியது. பழைய அணி அதே தொகைக்கு ஒப்புக்கொண்டால் வீரரை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அவர் போய்விடுவார், ஈடாக டிராஃப்ட் வாய்ப்புகள், அதாவது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள், கிடைக்கும். சிகாகோ வைத்துக்கொண்டது. அந்த 35 லட்சம் ஏறியதும் கோல் கீப்பர் ஆன்டி நியெமிக்கு இடம் சுருங்கிவிட்டது. சம்பளத்தை முடிவு செய்யும் மத்தியஸ்தர் அவருக்கு 27.5 லட்சம் என்று தீர்ப்புச் சொல்ல, சிகாகோ அதை ஏற்காமல் விலகியது. கோப்பையை வென்று கொடுத்த கோல் கீப்பர் சில வாரங்களில் எங்கே சேர்ந்தார் தெரியுமா? அதே சான் ஹோசேவில். அவர் இடத்துக்கு 13 லட்சத்தில் மார்ட்டி டர்கோ வந்தார். இன்னொரு கோல் கீப்பரான கிறிஸ்டோபல் ஹுவேயின் 56.25 லட்சத்தை வரம்பிலிருந்து இறக்க, அவரை ஸ்விட்சர்லாந்து லீகுக்கு இரவல் அனுப்பினார்கள். அன்று அதற்கு விதி இடம் கொடுத்தது. லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2013 ஒப்பந்தம் அந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்துவிட்டது.

நட்சத்திரங்கள் எல்லாரும் இருக்கிறார்களே, பிறகென்ன குறை என்று தோன்றலாம். மூன்றாவது லைனைப் பாருங்கள். ஹாக்கியில் 12 ஃபார்வர்டுகள் நான்கு லைன்களாகப் பிரிந்து, முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி இறங்குவார்கள். 2010இல் லாட், டேவ் போலண்ட், வெர்ஸ்டீக் மூவர் லைன்தான் எதிரணியின் சிறந்த லைனைக் கட்டிப்போட்டது. அதனால்தான் டேவ்ஸும் கேனும் சற்று லேசான எதிரிகளோடு மோத முடிந்தது. அந்த மூவரில் இருவர் கோடையிலேயே போய்விட்டார்கள். மிஞ்சிய போலண்ட் மார்ச்சில் தலையில் அடிபட்டு உட்கார்ந்தார். கோல் கீப்பரின் கண்ணை மறைத்துக்கொண்டு வலைமுன் மலைபோல் நிற்கும் பஃப்ளினும் இல்லை. அந்த பிளே-ஆஃபில் அவர் அடித்தவை 11 கோல்கள்.

உடல் களைப்பும் உண்மைதான். பிளே-ஆஃபில் மட்டும் 22 ஆட்டங்கள், அதுவும் ஜூன் வரை. செப்டம்பரில் மறுபடி பயிற்சி முகாம். ஆனால் களைப்பு எல்லா சாம்பியனுக்கும் பொது. அதை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

டர்கோ நிலைக்கவில்லை. இளைஞர் கோரி கிராஃபோர்ட் கோல் கீப்பர் இடத்தைப் பிடித்து 33 ஆட்டங்களை வென்று கொடுத்தார். முடிவில் 44 வெற்றி, 29 தோல்வி, ஓவர்டைமிலும் ஷூட்-அவுட்டிலும் 9 தோல்வி. வெற்றிக்கு 2 புள்ளி, அந்த 9க்குத் தலா 1, ஆக 97. கடைசி நாளில் டெட்ராய்ட்டிடம் தோற்று, டல்லாஸ் தோற்க வேண்டுமே என்று காத்திருந்தார்கள். டல்லாஸ் மினசோட்டாவிடம் தோற்றது. மேற்குப் பிரிவில் எட்டாவதாக, பிளே-ஆஃபுக்கான கடைசி இடம் பிடித்து சிகாகோ உள்ளே வந்தது.

முதல் சுற்றில் எதிரே வான்கூவர், அந்த சீசனில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்த அணி. ஏழு ஆட்டத் தொடரில் 0-3 என்று பின்தங்கிய நிலையில் நான்காவது ஆட்டத்துக்கு போலண்ட் திரும்பினார். அன்று 7-2 என்று சிகாகோ வென்றது. அடுத்தது 5-0. ஆறாவதை ஓவர்டைமில் பறித்தார்கள். ஏழாவதில் இரண்டு நிமிடம்கூட மீதியில்லாதபோது, ஒரு ஆள் குறைவாக ஆடிக்கொண்டே டேவ்ஸ் சமன் செய்தார். ஓவர்டைமில் அலெக்ஸ் பரோஸின் கோல் கதையை முடித்தது. மூன்றாவது லைனின் நடுவில் ஆடும் சென்டரான போலண்ட் ஒருவர் திரும்பி வந்ததும் ஆட்டம் எப்படி மாறியது என்பதுதான் இந்தத் தொடரில் கவனிக்க வேண்டியது.

எல்லாச் சரிவும் கணக்கால் வருவதில்லை. 2014இல் 26 பிளே-ஆஃப் ஆட்டங்கள் ஆடி வென்ற லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், மறு சீசனில் 95 புள்ளி எடுத்தும் பிளே-ஆஃபுக்கு வரவில்லை. ஓவர்டைமில் 7, ஷூட்-அவுட்டில் 8 என்று 15 ஆட்டங்களை விட்டார்கள். அதில் பாதி அதிர்ஷ்டத்தின் கையில்.

அடுத்த சாம்பியன் தடுமாறுமா என்று கணிக்க விரும்பினால் ஜூன் கடைசியில் டிராஃப்ட் நாட்களின் டிரேடுகள், ஜூன் 30இல் முடியும் ஒப்பந்தங்கள், கோடை மத்தியஸ்தத் தீர்ப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். முதல் லைனை விட்டுவிட்டு மூன்றாவது லைனிலும் இரண்டாவது டிஃபென்ஸ் ஜோடியிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணுங்கள். சிகாகோ நியெமியை இழந்து காப்பாற்றிய யால்மர்சன், 2013லும் 2015லும் அதே அணியில் கோப்பையைத் தூக்கினார். இரண்டு முறையும் வலைக்கு முன் நின்றவர் கிராஃபோர்ட்.