விறகும் வேலியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி, ஆவணி வந்தால் இந்தப் பகுதிக்கு விறகுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். மாரிக்கு முன் விறகு சேர்க்கிற காலம், கோடாலிச் சத்தம் கேட்காத வளவு இல்லை, கூடவே வேலிச் சண்டையும். இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கிய 2022இல் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறி, அதையும் வரிசையில் நின்றுதான் எடுக்கவேண்டும் என்று ஆனபோது, விறகடுப்பை மறந்திருந்த வீடுகளும் அதற்குத் திரும்பின. காஸ் திரும்பக் கிடைத்த பிறகும் பல பேர் அடுப்பை விடவில்லை. அதனால் சண்டையும் விடவில்லை. கடிதங்களில் ஊரை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறார்கள்.

கேள்வி: விறகை வேலியோடு சேர்த்து அடுக்கியிருக்கிறோம். வேறு இடம் இல்லை என்றில்லை, அதுதான் குசினிக்குக் கிட்ட. பக்கத்து வளவு ஐயா பாம்பு வருகிறது, கறையான் வருகிறது, வேலி சரிகிறது என்று தினமும் ஏச்சு. போன கிழமை மேல்வரிசை விறகை எங்கள் பக்கம் தள்ளி விழுத்தியும் விட்டார். எங்கள் வளவில் விறகு அடுக்க இவரிடம் கேட்க வேண்டுமா? ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) போகலாமா? (வாசகி, முள்ளியவளை)

பதில்: தங்கச்சி, ஐயா விறகைத் தள்ளி விழுத்தியது பிழை. கீழே ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும். ஆனால் அவர் சொல்கிற மூன்று விஷயமும் சரி, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பச்சை விறகின் நிறையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அதை ஆள் உயரத்துக்கு அடுக்கி, தடி ஊன்றிய கதியால் வேலியில் சாத்தினால் எந்த வேலியும் சரியும், முட்கம்பி என்றாலும் கட்டை இழுபடும். கறையான் நிலத்தில் கிடக்கும் முதல் வரிசையில் ஏறி, அங்கிருந்து காய்ந்த கதியாலுக்கும் கிடுகுக்கும் போகும். பாம்பு விறகைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடித்தான் வருகிறது, ஆனால் அடியில் இருட்டும் குளிர்ச்சியும் இருந்தால் அங்கேயே தங்கிவிடும். கண்ணாடி விரியனும் சுருட்டையும் உள்ள மண்ணில் இருந்துகொண்டு இதை ஐயாவின் வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே அடுக்கை மாற்றுங்கள். வேலியிலிருந்து ஓர் ஆள் நடந்து போய்க் கூட்டிப் பெருக்கக்கூடிய அளவு, நான்கடியாவது, விடுங்கள். சீமெந்துக் கல்லை வைத்து அதன்மேல் இரண்டு நீட்டுத் தடி போட்டு அடுக்கினால் அடியால் காற்றும் போகும், ரோச் அடித்துப் பார்க்கவும் முடியும். கல்லுக்குக் கழிவு ஒயில் பூசிவிட்டால் கறையான் ஏறுவது குறையும். உயரம் நெஞ்சளவுக்கு மேல் வேண்டாம். மேலே தகரமோ தறப்பாளோ போடுங்கள், ஆனால் பக்கங்களை மூடிக் கட்டாதீர்கள். பொட்டலம் மாதிரிச் சுற்றிக் கட்டிய விறகு உள்ளுக்குள் வேர்த்து, மாரி முடியும்போது பூஞ்சணம் பிடித்துத்தான் வெளியே வரும். பரந்த பக்கம் தென்மேற்கைப் பார்த்திருந்தால் சோளகக் காற்று உள்ளே புகுந்து காயவைத்துவிடும், உங்களுக்குச் செலவில்லாத வேலை. பிளக்காமல் உருளையாக அடுக்குவதும் வீண், பட்டை ஈரத்தை வெளியே விடாது, பிளந்து அடுக்குங்கள். பாலை, வீரை மாதிரி வைரமான மரம் கோடை முழுவதும் கிடக்கவேண்டும். சீமைக்கிளுவைத் தடி சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும்.

எடுக்கும்போது மேலேயிருந்து எடுங்கள், ஒரு தடியால் தட்டிவிட்டு எடுங்கள், இருட்டில் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், 1990க்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், நேரே ஆஸ்பத்திரி. (பாம்பு மட்டுமில்லை. மாங்குளத்தில் 2009இல் கிடைத்து, 2012இல் புதிய இனம் என்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட பெரிய மரச்சிலந்தி ஒன்று எங்கள் வன்னியில் இருக்கிறது, பழைய மரப் பொந்துகளில் வாழும். பழைய மரம் பிளக்கும்போது கண்டால் அடித்துவிடாமல் ஒதுங்கிப் போகவிடுங்கள்.)

ஜி.எஸ். வந்து பார்ப்பார், இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டும் போவார், ஆனால் தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. அதற்கு முன் நீங்களே போய், "ஐயா, விறகை உள்ளுக்குத் தள்ளி அடுக்கப்போறம், வேலியில ரெண்டு கதியால் உடைஞ்சிருக்கு, அதையும் போட்டுத் தாறம், ஆனா இனி விறகில கை வைக்காதேங்கோ" என்று சொல்லுங்கள். கடைசிப் பகுதியைக் கட்டாயம் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் தள்ளி விழுத்தினால் வேலை நடக்கும் என்றுதான் அவர் படித்துக்கொள்வார்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தம்பி கூலிக்கு மரம் அறுக்கிறவர். மரத்தை வளவுக்குள் இறக்கி விடியப்புறமே மெசின் வாளைத் தொடங்கிவிடுவார். மரத்தூள் முழுக்க நான் காயப்போடும் செத்தல் மிளகாயில். சொன்னால் "அன்ரி, வயித்துப் பிழைப்பு" என்கிறார். (வாசகி, விசுவமடு)

பதில்: வயிற்றுப் பிழைப்புத்தான். மிளகாயும் உங்கள் வயிற்றுப் பிழைப்பு. இதை இரண்டு தொழில்களின் சண்டையாகப் பாருங்கள், கோபம் பாதி இறங்கும்.

சோளகம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்தத் தம்பி உங்களுக்குத் தென்மேற்கே அறுத்தால் தூள் உங்களிடம் வராமல் எங்கே போகும்? அவர் வளவின் மற்ற மூலைக்கு அறுக்கும் கட்டையை மாற்றச் சொல்லுங்கள், நடுவில் ஒரு தறப்பாளைக் கட்டச் சொல்லுங்கள். வாடைக் காற்று தொடங்கினால் தூள் மற்ற வீட்டுக்குப் போகும், அவர்கள் எழுதுவார்கள், அப்போது பார்க்கலாம். நேரத்தையும் பேசி வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு தொடங்கி மத்தியானத்துக்குள் முடிக்கலாம், அந்த வெயிலில் அதற்கு மேல் அவராலும் அறுக்க முடியாது. ஒத்துவராவிட்டால், வீட்டுப் பாவனைக்கு அறுப்பது வேறு, தொழிலாக நாளும் அறுப்பது வேறு என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். தொழில் என்று வந்தால் பிரதேச சபையும் கேள்வி கேட்கும், வாளின் பதிவையும் கேட்பார்கள். இதை மிரட்டலாகச் சொல்லாமல், தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னால் போதும்.

இன்னொன்று, இது உங்களுக்கும் அவருக்கும். 2009இல் முடிந்த போருக்கு முன்பிருந்து நிற்கிற மரங்களில் எறிகணைத் துண்டும் துப்பாக்கிச் சன்னமும் உள்ளே புதைந்து பட்டை மூடிப்போய்க் கிடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வாள்ச் சங்கிலி அதில் பட்டால் அறுந்து எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அவர் அறுக்கும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேலியோடு நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். அடிக்கட்டை தோண்டும்போது இரும்பாக எதையாவது கண்டால் மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு 119க்குச் சொல்லுங்கள். தட்டிப் பார்க்கிற வேலை யாருக்கும் வேண்டாம்.

கேள்வி: விறகு குறைகிறது. யார் என்று தெரியும். என்ன செய்யலாம்? (வாசகர், தர்மபுரம்)

பதில்: தெரியும் என்றால் பார்த்தீர்களா, ஊகமா? ஊகம் என்றால் அடுக்கின் முகப்பில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள், கோடு உடைந்தால் எடுத்திருக்கிறார்கள். விறகுக்குள் பட்டாசு வைப்பேன், மிளகாய்த்தூள் போடுவேன் என்று இன்னொருவர் போன முறை எழுதியிருந்தார், அந்த யோசனையே வேண்டாம், அடுப்படியில் கண் போவது ஒரு சின்னப் பிள்ளைக்காகத்தான் இருக்கும் என்றில்லை, யாருக்கும் போகலாம், வழக்கு உங்கள் மேல் வரும். எடுக்கிற வீட்டில் ஆம்பிளைத் துணை இல்லாமல் ஒரு வயதான அம்மா இருந்தால், ஒரு கட்டு விறகை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "இனி கேட்டு எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நல்ல உடம்போடு மோட்டார்சைக்கிளில் திரிகிற ஆள் என்றால் முகத்துக்கு நேரே கேளுங்கள். அடுக்கை வீட்டு யன்னலுக்கு நேரே மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: எல்லையில் ஒரு பனையும் ஒரு வேம்பும் நிற்கின்றன. இரண்டையும் தறித்து விறகாக்கப் போகிறோம். வேம்பில் பாதி தனக்கு, பனையில் கை வைத்தால் பொலிஸ் என்று அயல்காரர் நிற்கிறார். (வாசகர், துணுக்காய்)

பதில்: பனை ஆணா பெண்ணா? பெண் பனை, பலா, ஈரப்பலா மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது, 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். உங்கள் வளவின் நடுவில் நின்றாலும் அதே சட்டம்தான், பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அயல்காரர் பொலிசுக்குப் போனால் அந்தப் புள்ளியில் அவர்தான் வெல்வார். என்னைக் கேட்டால் ஆண் பனையையும் விறகுக்காகத் தறிக்க வேண்டாம். நிற்கிற பனை வருடா வருடம் காவோலையும் மட்டையும் தரும், விழுத்திய பனை ஒரு தடவைதான். போரில் தலை போன பனைகளை இந்த ஊர் போதுமான அளவு பார்த்துவிட்டது.

வேம்பு யாருடையது என்பதை அடிமரம் நிற்கிற இடம்தான் சொல்லும். வேலி எல்லை இல்லை, திரும்பக் குடியேறியபோது அவரவர் குத்துமதிப்பில் அடைத்த வேலிகள் நிறைய. உறுதிக் காணி என்றால் நில அளவையாளரின் படத்தை எடுத்து வையுங்கள். பேமிற் காணி (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால் பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் போங்கள், மரத்தைத் தறிக்க விடுவார்களா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். அளக்கும் நாளில் அயல்காரரையும் கூப்பிடுங்கள், அவர் இல்லாமல் நட்ட கல்லை அவர் இரவோடு இரவாகப் பிடுங்குவார்.

நடு எல்லையில்தான் நிற்கிறது என்று வந்தால் பாதிப் பாதி விறகு, கூலியும் பாதிப் பாதி. இதற்கும் ஒத்துவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, இரண்டு பேரும் நேரே இருந்து கதைக்க வேண்டும், அதுதான் அதன் நல்ல பக்கம். இணங்கினால் எழுதிக் கையொப்பம், இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், நீதிமன்றம் போவதென்றால் அது தேவைப்படும். எடுத்த எடுப்பில் கைகலந்து பொலிசுக்குப் போனால், காணிப் பிணக்கு என்று ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள், தவணைக்கு மேல் தவணை போகும், ஒரு வேப்பமரத்தின் விறகு எத்தனை தவணையின் பஸ் காசுக்குக் காணும் என்று கணக்குப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். காணி பற்றையாகக் கிடக்கிறது. அதில் விழுந்து காய்ந்த கொப்புகளைப் பொறுக்கினால் காணியைப் பார்க்கிறவர் கள்ளர் என்று ஏசுகிறார். காட்டில் எடுத்தாலும் பிடிக்கிறார்கள், அப்போது எங்கேதான் விறகு எடுப்பது? (வாசகி, நெடுங்கேணி)

பதில்: காணிக்காரரின் நம்பரை எடுத்து வட்ஸ்அப்பில் நேரே கேளுங்கள். "அண்ணை, விழுந்த கொப்புகளை எடுக்கிறம், பதிலுக்கு வேலியோரப் பற்றையையும் வெட்டி விடுறம்" என்றால் அங்கிருக்கிறவர் சந்தோஷப்படுவார், பற்றைக்குள் பாம்பும் டெங்கு நுளம்பும் வளர்வதை அவரும் விரும்பமாட்டார். அவருடைய குரல் பதிவு ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும், பார்க்கிறவர் அடுத்த முறை வாய் திறந்தால் போட்டுக் காட்டலாம். பச்சை மரத்தில் கத்தி வைத்தால் மட்டும் அந்த அனுமதி செல்லாது, ஞாபகம் வைத்திருங்கள்.

காட்டு விறகு வேறு கதை. ஒதுக்கக் காடுகள் வனவளத் திணைக்களத்தின் கையில் இருக்கின்றன, உழவு இயந்திரப் பெட்டியில் பாலையும் முதிரையும் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் விலை பேசுகிறவரிடம் அனுமதிப் பத்திரம் கேளுங்கள், இல்லை என்றால் வாங்காதீர்கள். அயலவர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பிறகு எனக்கு எழுதி வேலையில்லை. முதிரை மாதிரி விலைமதிப்பான மரத்தை அடுப்பில் வைக்கிறவரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயமும் உண்டு, இங்கே எழுதவில்லை. வளவு வேலியில் சீமைக்கிளுவையை நெருக்கமாக நட்டுவிட்டால் வெட்ட வெட்டத் தழைக்கும், குழை ஆட்டுக்கு, தடி அடுப்புக்கு.

கேள்வி: அவர்கள் அடுப்பின் புகை எங்கள் வீட்டுக்குள். அம்மாவுக்கு இழுப்பு. சொன்னால் கோபம். (வாசகர், பரந்தன்)

பதில்: வெள்ளையாகத் தடித்துப் புகைந்தால் விறகு பச்சை. குசினிப் புகைபோக்கி உங்கள் யன்னல் உயரத்தில் முடிந்தால் விறகு காய்ந்திருந்தும் பயனில்லை, கூரைக்கு மேலே இரண்டு மூன்றடி உயர்த்த வேண்டும், தகரக் குழாய்க்கான செலவில் பங்கு தருகிறோம் என்று நீங்களே கேளுங்கள். "புகை வருது" என்று மூன்று தரம் சொன்னவருக்கு நான்காம் தரம் சொல்வதை விட, உங்களிடம் காய்ந்த விறகு இருந்தால் ஒரு வாரத்துக்குக் கொடுத்து, அவர்களுடையதைக் காயப்போடச் சொல்லலாம். குப்பையும் பிளாஸ்ரிக்கும் சேர்த்து எரித்தால் அது வேறு, அதற்கு பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) எழுத்தில் கொடுங்கள், அம்மாவின் கிளினிக் கொப்பியின் பிரதியையும் இணையுங்கள்.